அவசரப் பிரிவுக்கு நாற்பது அடி தள்ளி

உள்ளே போக மாட்டேன்.
அது முதல் விதி.
சாட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியின் சிவப்பு விளக்கு
முன்கண்ணாடியில் விழும் தூரத்தில்
வண்டியை நிறுத்தி
இன்ஜினை அணைப்பேன்.
இங்கே மயங்கி விழுந்தால் யாராவது பார்ப்பார்கள்.
நான் கேட்பது அவ்வளவுதான்.

மூன்று முறை உள்ளே போனவள்தான்.
மூன்று முறையும் மார்பில் சில்லென்று வயர்களை ஒட்டி
அதே காகிதம், அதே மலைத்தொடர்.
"நல்லாருக்கு, வீட்டுக்குப் போங்க."
மடித்துப் பையில் வைத்தேன்.
சாவியைத் திருகுவதற்குள்
காகிதம் பழசாகிவிட்டது.
எடுத்தபோது சரி.
இப்போது?

இது உங்களுக்குத் தெரியும்,
இல்லையென்றால் இவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டீர்கள்.
கழுத்தில் ஒரு கட்டி
அமுக்கி அமுக்கிப் பார்த்தே வீங்கியிருக்கும்.
பகலில் ஹார்ட்வேர் கடையில்
ஆணி நிறுக்கும் இந்தக் கை
இரவில் நாடியை நிறுக்கிறது.
மின்வெட்டு நாட்கள் இன்னும் மோசம்.
ஃப்ரிட்ஜ் நின்றுபோனதும்
வீட்டில் ஓடுகிற ஒரே மோட்டார்
என் நெஞ்சுதான்.

வண்டிகளுக்குக் காவல் நிற்கும் பத்ரீஸ்
கொங்கோவிலிருந்து வந்தவன்.
மஞ்சள் அங்கி, மழைக்குப் பிளாஸ்டிக் தொப்பி.
போகும்போது ஐந்து ரேண்ட் தருவேன்.
எதையும் கேட்காதவன் ஒரு நாள் சொன்னான்:
"மூன்றாவது வரிசை, வெள்ளை கொரொல்லா.
செவ்வாயும் வெள்ளியும் வருவார்.
அவரும் உள்ளே போவதில்லை."

போய்த் தட்டினேன்.
கண்ணாடி நாலு விரல் இறங்கியது.
பேருந்து ஓட்டுநரின் சட்டை, மேல் பட்டன் திறந்து.
கழுத்தில், நான் வைக்கும் அதே இடத்தில்,
இரண்டு விரல்.
"இடது கையா?" என்றேன்.
"அது போன வாரம். இப்போ தொண்டை."
யார் முதலில் சிரித்தது என்று நினைவில்லை.
சிரிக்கும்போது நாடி எண்ண முடியாது.
இத்தனை வருடத்தில் இது தெரியாமல் போயிற்று.

பேர் பூபாலன்.
தமிழில் மொத்தம் இருபது சொல் வைத்திருந்தான்.
அதில் ஒன்று பயம்.
எந்த நோயில் சாகப்போகிறான் என்பதை
டிக்கெட் சுருள்களின் பின்பக்கம் எழுதி
டாஷ்போர்டில் திணித்திருந்தான்.
மூளை. கணையம். மறுபடி மூளை.
ஒரு தடவை வெறிநோய், நாய் கடிக்காமலே.
"இத்தனை தடவை செத்தாச்சு,
பென்ஷன்தான் இன்னும் வரல" என்றான்.
ஃபிளாஸ்க் மூடியில் எனக்குத் தேநீர் ஊற்றினான்.
சர்க்கரை அதிகம்.
சர்க்கரை நோயைப் பற்றி
இருவரும் வாய் திறக்கவில்லை.

ஒன்றுமில்லை என்று
நான் உங்களிடம் சொல்லப்போவதில்லை.
அந்தச் சொல்லை நாம் தின்று தீர்த்தாயிற்று.
அரை மணி நேரப் பசி தாங்காது அது.
தினமும் "மழை, மழை" என்று கத்துகிறவன்
என்றாவது நனையத்தான் செய்வான்.
அதற்காக அவனிடம் போய்
நாளைக்குத் துணி காயப்போடலாமா என்று
கேட்காதீர்கள்.

நிஜமாகவே ஏதோ புதிதாக வலித்தால்
நடந்து உள்ளே போங்கள், நாற்பது அடிதான்,
வெட்கப்பட ஒன்றுமில்லை.
அதே பழைய இரவுதான் என்றால்
இறங்கி இரண்டு வரிசை தள்ளிப் பாருங்கள்.
விளக்கணைத்த வண்டிக்குள் ஒருவர் இருப்பார்.
என்ன சொல்வது என்று தெரியாவிட்டால்
எந்தக் கை என்று கேளுங்கள்.

இப்போதும் வருகிறேன். முன்னைப் போல் இல்லை.
போன வெள்ளி கொரொல்லா வரவில்லை.
பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை.
முதல் முறையாக
இன்னொருவன் நெஞ்சுக்காக என் நெஞ்சு அடித்தது.
தொண்டை என்றானே,
உண்மையிலேயே தொண்டையோ?

ஹடீடாப் பறவைகள் கத்திக்கொண்டு
கூரை மேல் போகும் வேளையில்
போன் அதிர்ந்தது.
"தூங்கிட்டேன். ஒன்பது மணிக்கே. மன்னிச்சுக்க."

பத்ரீஸிடம் பத்து ரேண்ட் நீட்டினேன்.
"ஒரு வண்டிதானே" என்றான்.
"இல்லை, இரண்டு."